இரண்டு நாய்களும் கேற்றின் மேல் நானும்

என் மனைவி லண்டனுக்கு வந்து மூன்று வருஷமாக என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. அதை நான் ஏதோ பரிசு விழுந்த மாதிரி எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். வேலையிடத்தில் தேநீர் நேரத்தில் நம்மவர்கள் இரண்டு பேர், வீட்டில் வோஷிங் மெஷின் கேட்கிறா, கம்பளம் மாற்றக் கேட்கிறா என்று மூக்கால் அழுவார்கள். "என்ர ஆள் ஒண்டும் கேக்கமாட்டா" என்று நான் நெஞ்சை நிமிர்த்துவேன். அது பெருமைப்படுகிற விஷயமில்லை என்று எனக்கு உறைக்கவே இரண்டரை வருஷம் போய்விட்டது. ஒன்றும் கேட்காத ஆள் என்றால், இங்கே இருப்பதா இல்லையா என்று இன்னும் முடிவெடுக்காத ஆள். ரயிலுக்குக் காத்திருக்கிறவர்கள் கதிரை சரியில்லை என்று யாரிடமும் முறையிடுவதில்லையே. வண்டி வந்தால் போகப் போகிறார்கள்.

எண்பதுகளின் கடைசி அது. கோலியர்ஸ் வுட்டில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறையில் இருந்தோம். அவ வன்னியில் காட்டோரத்தில் வளர்ந்தவ. எங்கள் ஜன்னலால் எட்டிப் பார்த்தால் பஸ்களின் கூரைதான் தெரியும். பார்க்கப் பொறுக்காமல் நானாகவே கவுன்சிலுக்கு எழுதிப் போட்டு, சட்டன் பக்கம் ரயில் பாதையோரமாக ஒரு தோட்டத் துண்டு வாடகைக்கு எடுத்தேன். அங்கே போனதும் அவவின் நடையே மாறியது. மண்ணைக் கையில் எடுத்து உதிர்த்து, "பரவாயில்லை" என்றா. போஞ்சி போட்டா, கீரை போட்டா, கோவா நட்டா.

ரயில் மேட்டில் முயல்கள் வளை தோண்டிக் குடும்பம் குடும்பமாக இருந்தன. இரண்டு கிழமையில் போஞ்சி முளை ஒன்றும் இல்லை. திரும்பப் போட்டா. திரும்பவும் இல்லை. வலை கட்டினோம், கீழால் தோண்டிக்கொண்டு வந்தன. மூன்றாம் முறை வெறுந் தண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றவ, என் பக்கம் திரும்பினா.

"இஞ்சேருங்கோ, எனக்கொரு நாய் வேணும். முயல் பிடிக்கிற நாய்."

"ஓம்" என்றேன், அவ வாய் மூட முன்னமே. மூன்று வருஷத்தில் முதன்முதலாகக் கேட்கிறா. நிலவைக் கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். நிலவு கடிக்காது.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு நாய் என்றால் பயம். சும்மா பயமில்லை. சின்ன வயதில் எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு வைரவர் கோயில் இருந்தது. வைரவருக்கு நாய்தான் வாகனம். அதனால் ஊர் நாயெல்லாம் அங்கே சொந்த வீடு மாதிரிப் படுத்திருக்கும். பள்ளிக்கூடத்துக்கு அந்த வழி ஐந்து நிமிஷம். நான் பத்து வருஷம் மற்ற வழியால் இருபது நிமிஷம் நடந்தேன். லண்டனிலும், ரிப்பன் கட்டிய புசுபுசு நாயை ஒரு கிழவி கூட்டிக்கொண்டு வந்தால் நான் வீதியின் மற்றப் பக்கத்தில் நிற்பேன்.

இது என் மனைவிக்குத் தெரியாது. தெரியாதது மட்டுமல்ல, அவ நினைத்துக்கொண்டிருந்ததே வேறு. எங்கள் கலியாணம் படமும் சாதகமும் மாற்றிப் பேசிச் செய்தது. பேச்சு முற்றானதும் அவ எனக்கு ஒரு கடிதம் எழுதினா. தகப்பன் நாய்களோடு முயல் வேட்டைக்குப் போவார், தானும் கூடப் போவதுண்டு என்று அதில் ஒரு வரி. நான் லண்டனில் இருந்து கொண்டு, நீலநிற வான்கடிதத்தில், "நானும் வேட்டைப் பிரியன்தான்" என்று தொடங்கினேன். அதோடு விட்டேனா? எனக்கு ஒரு நாய் இருந்தது, அது பாய்ந்த முயலை அந்தரத்திலேயே கவ்வும் என்றும் எழுதினேன். அந்த நாய்க்கு ஒரு பெயரும் வைத்தேன். மூன்று பக்கமும் மடிக்கிற ஓரமும் நிறைய நாய்.

ஆகவே அவ என்னிடம் நாய் கேட்டது, ஒரு வேட்டைக்காரனிடம் கேட்ட மாதிரி.

வேலையிடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வெள்ளைக்காரன் ஒருவன் சட்டனுக்கு அப்பால் இருந்தான். என் வயதுதான். தனி ஆள். இரண்டு நாய் வைத்திருந்து, சனிக்கிழமைகளில் தெரிந்த விவசாயி ஒருவரின் அனுமதியோடு அவருடைய வயலில் முயல் பிடிப்பான். அவனுக்கு இடுப்பு எலும்பு மாற்றவேண்டி இருந்தது. ஒப்பரேஷனுக்குப் பிறகு இரண்டு நாயைச் சமாளிக்க ஏலாது. ஒன்றை யாருக்காவது கொடுக்கத் தேடிக்கொண்டிருந்தான். நான் விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்ததையும் உடனே வாடியதையும் பார்த்தேன்.

"எதைக் கொடுக்கிறதெண்டு என்னால முடிவெடுக்க ஏலாது" என்றான் தன் ஆங்கிலத்தில். "நீங்கள் வந்து பாத்து எடுங்கோ. விப்பெட் ஒண்டு, லர்ச்சர் ஒண்டு. எதை எடுத்தாலும் நான் கோவிக்கமாட்டன். ஆனா நீங்கள் எடுக்கேக்க நான் பாக்கவும் மாட்டன்."

அன்றே நூலகத்துக்கு ஓடினேன். விப்பெட் என்றால் பந்தயம் ஓடுகிற கிரேஹவுண்டைக் கொதிதண்ணியில் போட்டுச் சுருக்கிய மாதிரி ஒரு நாய். முழங்கால் உயரம், மெல்லிய தோல், மூன்று பாய்ச்சலில் முழு வேகம், அதற்குப் பிறகு களைப்பு. லர்ச்சர் தனிச் சாதி இல்லை. கிரேஹவுண்டுக்கும் ஆடு மேய்க்கிற நாய்க்கும், இடையில் யார் யாருக்கோவும் பிறந்தது. ஒரு பக்கத்தால் ஓட்டம், மறுபக்கத்தால் மூளை. படத்தில் ஒரு லர்ச்சருக்குப் பக்கத்தில் ஒரு மனிதன் நின்றான். நாயின் தலை அவன் இடுப்பில் இருந்தது. நான் உடனே விப்பெட் கட்சிக்காரன் ஆனேன்.

சனிக்கிழமை பஸ்ஸில் போகும்போது என் வாதத்தைத் தொடங்கினேன்.

"விப்பெட்டுக்குப் பத்திரம் இருக்காம். தாய், தேப்பன், பேரன், பூட்டன் எல்லாம் எழுதின பத்திரம். லர்ச்சருக்கு ஒரு துண்டுக் கடுதாசியும் இல்லை."

"முயல் அந்தப் பத்திரத்தை வாசிச்சுப் பாக்குமோ?" என்றா அவ.

"அப்பிடியில்லை. குலம் கோத்திரம் பாக்கவேணுமெல்லே."

"என்னப்பா, மாப்பிள்ளையே எடுக்கிறம்?" பிறகு, கொஞ்சம் யோசித்து: "எங்கட துண்டில பயிருக்கும் வளைக்கும் இடையில பத்துப் பாகத் தூரம்கூட வராது. அதுக்குள்ள பிடிக்கவேணும். அந்த விதத்தில விப்பெட் சரிதான். ஆனா மேட்டில முழுக்க முள்ளுப் பத்தை, பழைய கம்பி. தோல் மெல்லிசெண்டா கிழிஞ்சு போகும். உங்கட நாய்க்கு என்ன மாதிரித் தோல்?"

"எந்த நாய்க்கு?"

"அதுதான், ஊரில இருந்தது. நீங்கள் எழுதினது."

"நல்ல தடிச்ச தோல்" என்றேன். பஸ் ஜன்னலைத் திறந்தேன். மே மாதக் குளிரில் எனக்கு வியர்த்தது.

வயல் ஓரத்தில் அவன் தன் வான் வண்டியோடு நின்றான். அவனுடைய கோட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. விப்பெட். மணல் நிறம், மான்குட்டிக் கண், உடம்பு முழுக்க நடுக்கம். குளிருக்கு நடுங்குகிறது என்றான். மற்றது வானுக்குள் இருந்து இறங்கியது. இறங்க இறங்க முடிந்தபாடில்லை. கால் வந்துகொண்டே இருந்தது. சாம்பல் நிறத்தில் சிலும்பிய மயிர், மஞ்சள் கண். அது என்னைப் பார்த்தது. நான் வானத்தைப் பார்த்தேன். அதற்குள் என் மனைவி அவனோடு கதைக்கத் தொடங்கிவிட்டா.

"வாருங்கோ வாருங்கோ" என்று அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "நீங்கள் பெரிய வேட்டைக்காரராமே, உங்கட மனிசி இப்பத்தான் சொன்னா. அந்தரத்தில முயல் பிடிக்கிற நாய் வைச்சிருந்தனீங்களாம்."

வேலி ஓரத்தில் ஒரு முயல் வெளியே வந்தது. அவன் விப்பெட்டைக் கீழே விட்டான். நடுங்கிக்கொண்டிருந்த அந்தச் சின்ன உடம்பு ஒரு நொடியில் வில்லில் இருந்து விட்டதுபோலப் போனது. என் கண் அதைத் தொடர முன்னமே அது பாதி வயலில் நின்றது. முயல் ஒரு கையளவில் தப்பி வேலிக்குள் புகுந்துவிட்டது. லர்ச்சர் ஓடவே இல்லை. நின்று பார்த்தது. பிறகு வேலி வழியே தன் பாட்டில் நடந்து, மற்றப் பக்கத்து ஓட்டை ஒன்றின் வாசலில் போய்ப் பேசாமல் நின்றது.

"அது யோசிக்குது" என்றா என் மனைவி மெதுவாக. அவவின் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை.

முயல் அந்த ஓட்டையால் வந்தது. ஒரு எட்டுத்தான். லர்ச்சர் அதை வாயில் கவ்விக்கொண்டு, தலையை உயர்த்தி, வயலின் குறுக்கே ஓடி வரத் தொடங்கியது. தன் எசமானிடம் வருகிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், மஞ்சள் கண்ணோடு ஒன்று என்னை நோக்கிக் குதிரை வேகத்தில் வருகிறது. அதன் வாயில் ஏற்கெனவே ஒருத்தர் இருக்கிறார்.

அடுத்ததாக எனக்கு நினைவிருப்பது, நான் வயல் கேற்றின் உச்சிச் சட்டத்தில் குந்தியிருக்கிறேன். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. "வைரவா, வடைமாலை சாத்திறன், இது உன்ர ஆள், கூப்பிடப்பா" என்று சத்தமாக வேண்டிக்கொண்டிருந்தேன். என் காலிலிருந்து கழன்ற ஒரு சப்பாத்து கீழே கிடந்தது. லர்ச்சர் முயலை அவன் கையில் கொடுத்துவிட்டு வந்து, அந்தச் சப்பாத்தை மணந்து பார்த்து, என்னையும் அண்ணாந்து பார்த்தது.

முதலில் சிரித்தது அவ. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, புல்லில் இருந்து, கண்ணால் தண்ணி வர வர. லண்டனில் அவ அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. வெள்ளைக்காரனும் வானில் சாய்ந்து நின்று சிரித்தான். "உங்கட ஊரில மேல இருந்தே வேட்டையாடுறது?" என்றான்.

சிரித்து முடிந்ததும் அவ எழும்பி வந்து, சப்பாத்தை என்னிடம் நீட்டினா.

"அப்ப கடிதத்தில எழுதினது?"

"பொய்."

"நாய்க்குப் பேரும் எழுதினியளே."

"அதுவும் பொய்."

"ஏன்?"

கேற்றின் மேல் இருந்துகொண்டு ஒரு மனிதன் என்ன மறுமொழி சொல்ல முடியும்? "நீர் வேண்டாமெண்டு சொல்லிப்போடுவீர் எண்ட பயத்தில" என்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் பாதி வழி போன பிறகு என் கையைத் தட்டி, "நாய் வேண்டாம் விடுங்கோ. வலையை இன்னும் ஆழமாத் தாட்டுப் பாப்பம்" என்றா. அவ்வளவு கனிவாகச் சொன்னா. ஏசியிருக்கலாம். பொய்யன் என்று ஒரு கிழமை பேசாமல் இருந்திருக்கலாம், நான் தாங்கியிருப்பேன். மூன்று வருஷத்தில் கேட்ட ஒரேயொரு பொருளை, நான் பயப்படுகிறேன் என்பதற்காக, சத்தம் போடாமல் திரும்ப எடுத்துக்கொண்டா. இனி எதையும் கேட்க மாட்டா என்று எனக்கு விளங்கியது. அந்தப் பயம் நாய்ப் பயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் போதும்.

வெள்ளைக்காரனின் ஒப்பரேஷனுக்கு மூன்று கிழமை இருந்தது. திங்கட்கிழமை காலை ஷிப்ட் முடிந்ததும் அவனோடு அவன் வீட்டுக்குப் போனேன். மனைவியிடம் ஓவர்டைம் என்றேன். பொய்யை ஒழிக்க இன்னொரு பொய். என்ன செய்வது, பழக்கமான ஆயுதம்.

முதல் நாள் நாய்கள் குசினிக்குள், நான் வெளியே, நடுவில் கண்ணாடிக் கதவு. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் டூட்டிங்கில் ஒரு தமிழ்க் கடையில் வைரவர் வடை மாதிரித் தட்டையாகச் சுடச் சொல்லி, ஒரு பை வடையோடு போனேன். நேர்த்தி வைத்தது வைரவருக்கு; கோயில் எங்கே போய்த் தேடுவது, வாகனத்துக்கே நேரே கொடுத்துவிடலாம் என்பது என் திட்டம். கதவை ஒரு சாண் திறந்து உள்ளே எறிந்தேன். விப்பெட் மிளகுக்குத் தும்மியது. லர்ச்சர் நான்கு தின்றது. மிச்சத்தை வெள்ளைக்காரன் தின்றுவிட்டு, நாளைக்கும் கொண்டு வா என்றான்.

ஐந்தாம் நாள் கதவு திறந்திருந்தது. நான் ஓவர்கோட்டைக் கழற்றாமல், கையுறையோடு, இரண்டு கையையும் கமக்கட்டுக்குள் ஒளித்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். அவன் தேத்தண்ணி தந்தான். குடிக்கக் கை வெளியே வரவேண்டும், வரவில்லை. விப்பெட் கேட்காமலே என் மடியில் ஏறிச் சுருண்டது. அது நடுங்கியது. நானும் நடுங்கினேன். கொஞ்ச நேரத்தில் யார் யாரை நடுங்க வைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. அதன் காதுகள் வெற்றிலை மாதிரி மெல்லிசாக இருந்தன. அதைத் தொட்டுப் பார்த்தபோதுதான் கண்டேன், கையுறையை எப்போதோ கழற்றியிருக்கிறேன்.

லர்ச்சர் கிட்ட வரவில்லை. அறையின் மூலையில் இருந்து பத்து நாளும் என்னை வாசித்தது. பதினோராம் நாள், நான் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஏதோ பாரம் என் தொடையில் சாய்ந்தது. பார்த்தேன், அது தன் முழு உடம்பையும் என்மேல் சாத்திக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு நின்றது. அந்த மாதிரி நாய்கள் தங்களுக்குப் பிடித்தவர்கள்மேல் அப்படித்தான் சாயுமாம். நகர்ந்தால் கோவித்துக்கொள்ளுமோ என்று அரை மணித்தியாலம் அசையாமல் நின்றேன். கால் விறைத்துவிட்டது. பயத்தால் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒப்பரேஷனுக்கு முன் ஒரு மரியாதைக்குப் பார்த்துவிட்டு வருவோம் என்றேன். உள்ளே போய் இருந்ததும் விப்பெட் என் மடியில் ஏறியது, லர்ச்சர் என் முழங்காலில் நாடியை வைத்தது. நான் வெகு சாதாரணமாக முகத்தை வைத்துக்கொள்ள முயன்றேன். நெற்றியில் வியர்வை அதற்கு ஒத்துழைக்கவில்லை.

அவ நாய்களைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. "அப்ப ஓவர்டைம்?"

"ஓம்."

"எத்தினை நாள்?"

"பதினோரு நாள். நீர் கேட்டனீர். நான் ஓமெண்டனான். இப்பவும் ஓம்தான். கை நடுங்கும். அதைப் பாக்கவேண்டாம்."

அவ குனிந்து லர்ச்சரின் காலைத் தூக்கி, பாதத்தை விரித்துப் பார்க்கத் தொடங்கினா. குனிந்த முகத்தை நெடுநேரம் நிமிர்த்தவில்லை. வெள்ளைக்காரன், தான் தேத்தண்ணி போடப் போவதாகச் சொல்லிக் குசினிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். எங்கள் முன்னால் மூன்று கோப்பைத் தேத்தண்ணி ஏற்கெனவே இருந்தது.

"எனக்காக விப்பெட்டை எடுக்கவேண்டாம்" என்றேன். "அது சின்னன் எண்டபடியாத்தான் நான் அண்டைக்குக் குலம் கோத்திரம் எல்லாம் பேசினது."

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்." குரலைத் தாழ்த்தினா. "இஞ்ச பாருங்கோ. எங்கட துண்டுக்கு விப்பெட் திறம். அந்த முதல் பாய்ச்சல் வேற ஒண்டுக்கும் வராது. ஆனா இவருக்கு இனி ஆறு மாசம் பொல்லோடதான் நடை. லர்ச்சர் ஒரு நாளைக்கு ஐஞ்சாறு மைல் நடக்கிற நாய். கட்டி வைச்சா அதுக்கு விசர் பிடிக்கும். விப்பெட் மடியில கிடக்கும். தனியச் சுகமில்லாமல் இருக்கிற மனிசனுக்கு மடியில ஒண்டு வேணும்."

"அப்ப முயல்?"

"முயலை லர்ச்சர் யோசிச்சுப் பிடிக்கும். அவசரமில்லை." பிறகு என் மடியில் நடுங்கிக்கொண்டிருந்ததைத் தடவிவிட்டுச் சொன்னா: "அதோட, நடுங்கிறதுக்கு எங்கட வீட்டில ஏற்கெனவே ஒராள் இருக்கிறார். ரெண்டு பேரை என்னால பாக்க ஏலாது."

குசினிக் கதவைத் தட்டி முடிவைச் சொன்னோம். அவன் விப்பெட்டைத் தூக்கிக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு, லர்ச்சருக்கு முன்னால் சிரமப்பட்டுக் குனிந்து, அதன் காதில் ஏதோ நெடுநேரம் சொன்னான். நாங்கள் சுவரில் இருந்த படத்தை வெகு கவனமாகப் பார்த்தோம். அது ஒரு பழைய நாட்காட்டி.

கடைக்கு மேலே இரண்டு அறையில் இப்போது மூன்று பேர். அந்த மாதமே மேட்டோரத்தில் ஏழு முயல். சனிக்கிழமைகளில் மிளகு கூட்டி முயல் கறி. ஒரு டப்பா அவனுக்கும் போகும். போஞ்சி கொடி ஏறியது. மிச்ச முயல்கள் கூட்டம் போட்டுப் பேசி அயல் தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தன. அந்தத் தோட்டக்காரர் இரண்டு கிழமை எங்களோடு பேசவில்லை. பிறகு நாயைக் கடன் கேட்டு வந்தார்.

அந்த வருஷம் ஆடி மாதம் ஒருநாள், மூவரும் டூட்டிங் கடைவீதியில் போய்க்கொண்டிருந்தோம். கடைக்குள் நாய் விடமாட்டார்கள். கறிவேப்பிலைக் கட்டொன்றைக் கண்டதும் அவ, "இதை ஒருக்காப் பிடியுங்கோ" என்று நாய்க்கயிற்றை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டா. யோசிக்கவே இல்லை. குடையைத் தருகிற மாதிரித் தந்தா. அதுவரை கயிறு எப்போதும் அவ கையில்தான்.

தெருவில் நானும் அதுவும். நம்மவர்கள் வரும் போகும் வீதி. ஒவ்வொருவராக எங்களைக் கண்டு மற்றப் பக்கம் மாறிப் போனார்கள். என் வேலையிடத்து ஆள் ஒருவர் எட்ட நின்று, இரண்டு சாமான் பையையும் கேடயம் மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டு கத்தினார்: "அண்ணை, உது கடிக்குமோ?"

"கடியாது தம்பி. பயப்பிடாமல் வாரும்!" என்றேன். என் வாயால் வந்த அந்தக் குரல் யாருடையது என்று திரும்பிப் பார்த்தேன்.

அவ கறிவேப்பிலையோடு வெளியே வந்தா. கயிற்றுக்குக் கை நீட்டவில்லை. "இஞ்சேருங்கோ, தோட்டத்தில ஒரு சின்னக் கொட்டில் போட்டால் என்ன? மழைக்கு ஒதுங்க, ரெண்டு கதிரையும் வேணும்" என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தா. "அதோட எனக்கு நல்ல பூட்ஸ் ஒரு சோடி. வீட்டுக்கு வோஷிங் மெஷின் ஒண்டும் பாக்கவேணும், எத்தினை நாளைக்குக் கையால தோய்க்கிறது..."

சொல்லிக்கொண்டே போனா. நான் நாயைப் பிடித்துக்கொண்டு, அல்லது அது என்னைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓம் ஓம் என்றபடி பின்னால் போனேன்.